ஜனாதிபதித் தேர்தல்: வாக்காளரின் அலுப்பும் எண்ணப்படாமல் போன 2ஆம், 3ஆம் விருப்புகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையில் 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 79.46 வீதமானோர் வாக்களித்தார்கள். எட்டு வாரம் கூட ஆகவில்லை, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அது 68.93 வீதத்துக்கு இறங்கியது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் இன்னும் கீழே போனது. சனத்துக்குத் தேர்தல் அலுத்துவிட்டது என்று இதற்கு எல்லோரும் ஒரே விளக்கம் சொல்கிறார்கள். அலுப்பு இருப்பது உண்மைதான். அது எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் யாரும் தேடிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தின் முதல் வாரத்தில் வாக்காளருக்கு எது சொல்லப்படுகிறது, எது சொல்லாமல் விடப்படுகிறது என்பதில் அதன் பெரும்பங்கு இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு கோருமுன் இதைத் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறது என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் தன் முதல் விருப்புக்கு 1 போட்டு, வேண்டுமானால் அடுத்த விருப்புகளுக்கு 2, 3 என்றும் போடலாம்; முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் அந்த 2, 3ஐப் பார்ப்பதே இரண்டாம் எண்ணிக்கை. முதலில் ஒரு கணக்கு. 2024 ஜனாதிபதித் தேர்தலில் செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915. சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. ஒருவரும் பாதியைத் தாண்டவில்லை. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் வெற்றியாளர் முதல் எண்ணிக்கையிலேயே 50 வீதத்தைக் கடந்திருந்தார். 2005இல் மகிந்த ராஜபக்ஷ 50.29 வீதத்தோடு மயிரிழையில் தப்பினார். அதனால் இரண்டாம் எண்ணிக்கை என்பது சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஏற்பாடாகவே நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. 2024 செப்டெம்பர் 22ஆம் திகதிதான் அதற்கு முதன்முறையாக வேலை வந்தது.

அன்று முதல் இருவரைத் தவிர மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்திருந்த வாக்குச்சீட்டுகள் 33 இலட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல். அவற்றில் 2ஐயும் 3ஐயும் தேடியதில் அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 சேர்ந்தன. இரண்டையும் கூட்டினால் 273,131. நூறு சீட்டில் எட்டுச் சீட்டு! மற்ற 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், கடைசிச் சுற்றில் இந்த இருவரில் யார் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. முதல் எண்ணிக்கையில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசமோ 12 இலட்சத்து 71 ஆயிரம்தான். முடிவு மாறியிருக்கும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான சீட்டுகள் பேசாமலே கிடந்தன என்பதைத்தான் சொல்கிறோம்.

அந்த 30 இலட்சத்தில் வேண்டுமென்றே 1ஐ மட்டும் போட்டவர்கள் கட்டாயம் இருப்பார்கள். "மற்ற இருவரும் எனக்கு வேண்டாம்" என்பதும் ஒரு முடிவு; அதில் தலையிட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் 2 போட்டால் 1இன் பெறுமதி குறைந்துவிடும் என்று பயந்து விட்டவர்கள் எத்தனை பேர்? 2, 3 போட்டால் சீட்டு பழுதாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டவர்கள் எத்தனை பேர்? இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாமல் பழக்கத்தில் புள்ளடி (X அடையாளம்) போட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்? இவர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. "நான் போட்டு என்ன ஆகப்போகிறது" என்று அடுத்த தேர்தலில் வீட்டில் இருந்துவிடுவதும் இவர்கள்தான்.

வாக்கெண்ணும் மண்டபத்தில் நடப்பது இதுதான். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், முதல் இரு இடத்தில் நிற்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்கள். அந்த முதல் இருவருக்கும் விழுந்த சீட்டுகளில் 2, 3 இருந்தாலும் அவற்றை எவரும் பார்ப்பதில்லை. அவை எண்ணி முடிந்த சீட்டுகள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து 2 எங்கே என்று பார்ப்பார்கள். அது அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருடைய கணக்கில் சேரும். நீக்கப்பட்ட இன்னொருவருக்கு இருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். 3உம் அந்த இருவருக்கும் இல்லையென்றாலோ, 2, 3 எதுவுமே இல்லையென்றாலோ, சீட்டு ஒதுக்கி வைக்கப்படும். பிறகு இருவரில் யாருக்குக் கூட என்று பார்த்து முடிவை அறிவிப்பார்கள்.

இதிலிருந்து வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. நீங்கள் 2 போடுவதால் உங்கள் 1 எந்த நிலையிலும் பலவீனப்படாது, ஏனென்றால் உங்கள் 1 போட்டியில் இருக்கும் வரை 2ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்தது, உங்கள் 1 வெல்ல வாய்ப்பில்லாத ஒருவருக்கென்றால், 2இலோ 3இலோ ஒன்றையாவது கடைசி இருவரில் ஒருவராக வரக்கூடியவருக்குக் கொடுத்தால்தான் அது எண்ணப்படும். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா.அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள் கிடைத்தன. சங்குக்கு 1 போட்டு, 2ஐயும் 3ஐயும் தனக்குப் பிடித்த வேறு இரண்டு சிறிய வேட்பாளர்களுக்குக் கொடுத்த ஒருவர் மூன்று இலக்கத்தையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்; சீட்டும் செல்லுபடியானதுதான். ஆனால் இரண்டாம் எண்ணிக்கையில் அவருடைய சீட்டும் வெறும் 1 போட்டவருடைய சீட்டைப் போலவே ஒதுக்கி வைக்கப்படும். தன் கோரிக்கையை 1ஆல் பதிவு செய்து, நாட்டை யார் ஆள்வது என்பதில் தன் நிலைப்பாட்டை 2ஆல் பதிவு செய்ய இந்த முறை இடம் தருகிறது. சிறுபான்மை வாக்காளருக்கு இதைவிடக் கைகொடுக்கும் ஏற்பாடு எங்கள் தேர்தல் சட்டங்களில் வேறு இல்லை. பகிஷ்கரிப்பா, பொது வேட்பாளரா, பெரிய கட்சியா என்று ஐந்து வாரம் மேடை மேடையாக வாதம் நடந்தது. இந்த ஒரு பந்தியை விளங்கப்படுத்தியவர்கள் மிகச் சிலரே.

சீட்டில் எப்படிப் போடுவது? விரும்பிய வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே உள்ள வெற்றுக் கட்டத்தில் 1. அடுத்த விருப்பு இருந்தால் இன்னொருவருக்கு நேரே 2. அதற்கடுத்தது இருந்தால் வேறொருவருக்கு நேரே 3. நான்காவது கிடையாது. ஒரே ஒருவருக்கு மட்டும் போடுவதென்றால் 1க்குப் பதில் புள்ளடியும் ஏற்றுக்கொள்ளப்படும். புள்ளடியையும் இலக்கங்களையும் ஒரே சீட்டில் கலக்காமல் விடுவதே பாதுகாப்பு: விருப்பு கொடுப்பதென்றால் முழுவதும் இலக்கம், இல்லையென்றால் தனிப் புள்ளடி.

பழுதாகும் சீட்டுகளில் பெரும்பாலும் காணக்கூடியவை இவை. இரண்டு பேருக்குப் புள்ளடி. இரண்டு பேருக்கு 1. 1 எங்கும் இல்லாமல் வெறும் 2 அல்லது 3. வாக்காளரை அடையாளம் காட்டக்கூடிய பெயரோ கையெழுத்தோ எழுதியது. கோபத்தில் ஏதாவது வசனம் எழுதிவிட்டு வருபவர்களும் உண்டு. அந்த வசனத்தை எண்ணும் அலுவலர் தவிர வேறு யாரும் வாசிக்கப்போவதில்லை. நடுங்கிய கையால் இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள கோட்டின் மேல் விழுந்த அடையாளம், முதலில் ஒருவருக்குப் போட்டு வெட்டி இன்னொருவருக்குப் போட்டது ஆகியவை மேசையில் வாதத்துக்கு வரும் சீட்டுகள். கை தவறி வேறு கட்டத்தில் போட்டுவிட்டால் அதன் மேலேயே திருத்தக்கூடாது. பெட்டியில் போடுமுன் அந்தச் சீட்டைத் தலைமை தாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து, தவறுதலாகப் பழுதாகிவிட்டது என்று சொல்லி வேறொன்று கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேட்க வெட்கப்பட்டு, பழுதான சீட்டையே பெட்டியில் போட்டுவிட்டு வருவது வீண்.

நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 2019 ஜனாதிபதித் தேர்தலில் 135,452. 2024இல் 300,300. இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அதற்கடுத்த பாராளுமன்றத் தேர்தலில் அது ஆறு இலட்சத்தையும் தாண்டியது. வேண்டுமென்றே பழுதாக்கியது எத்தனை, தெரியாமல் பழுதானது எத்தனை என்று சீட்டைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எட்டு மாதத்துக்குள் ஒரே வாக்காளரிடம் மூன்று விதமாக வாக்குப் போடச் சொன்னோம். செப்டெம்பரில் 1, 2, 3 என்று மூன்று வெவ்வேறு வேட்பாளர்களுக்கு. நவம்பரில் ஒரே ஒரு கட்சிக்குப் புள்ளடி, பிறகு சீட்டின் கீழே அதே கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்றுக்கு மேற்படாமல் புள்ளடி. மே மாதத்தில் கட்சிக்கோ குழுவுக்கோ தனிப் புள்ளடி, அவ்வளவுதான். பாராளுமன்றத் தேர்தலிலும் ஜனாதிபதித் தேர்தலிலும் பேசப்படுவது "விருப்பு வாக்கு"தான். செய்ய வேண்டியதோ வேறு வேறு. ஒன்றில் பழகியதை மற்றதில் செய்தால் சீட்டு போய்விடும். இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லாமல் வாக்காளரின் அக்கறையின்மையைக் குறை சொல்வது நியாயமில்லை.

வாக்குச்சீட்டையும் ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். 2024இல் 39 வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. ஒருவர் இடையில் காலமானார். சீட்டில் அவர் பெயர் இருந்தது. இரண்டு அடிக்கு மேல் நீளமான தாள், வாக்களிக்கும் அடைப்பிலுள்ள சிறிய தட்டில் முழுவதும் விரியாது. பெயர்கள் சிங்கள அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். தமிழ் அகரவரிசையை மனதில் வைத்து மேலிருந்து கீழே தேடுபவருக்குப் பெயர் எதிர்பார்த்த இடத்தில் இராது. 1ஐப் போட்டுவிட்டு 2க்காகத் தாளை இழுத்து, 3க்காக மறுபடி மேலே போக வேண்டும். வெளியே வரிசை நிற்கிறது. வயதானவர் 1ஓடு மடித்துக் கொடுத்துவிட்டு வருவதில் என்ன ஆச்சரியம்? தன் மூன்று பேரின் சின்னங்களையும், அவை சீட்டில் மேலே, நடுவே, கீழே என்று எங்கே இருக்கின்றன என்பதையும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போனால் இந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும்.

39 பெயர் வந்ததற்குக் காரணம், வேட்பாளர் கட்டவேண்டிய கட்டுப்பணம் (வைப்புப்பணம்) குறைவாக இருப்பது. கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000 ரூபா. 1981ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அது பெருந்தொகை, இன்று அப்படியில்லை. அரச வானொலி, தொலைக்காட்சி நேரமும் வாக்களிப்பு நிலைய முகவர்களும் கிடைக்கும் என்பதற்காக, இன்னொருவருக்கு உதவியாகவே சிலர் நிறுத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. கட்டுப்பணத்தை மட்டும் ஏற்றினால் பணமில்லாத நேர்மையான வேட்பாளர் அடிபடுவார். பல மாவட்டங்களிலிருந்தும் குறிப்பிட்ட தொகை வாக்காளரின் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையே பொருத்தமாகப் படுகிறது.

இனி பிரசாரத்தின் முதல் வாரம். 2024இல் வேட்புமனு ஓகஸ்ட் 15, வாக்களிப்பு செப்டெம்பர் 21. இடையில் 37 நாள். இந்த நாட்களில் வீட்டு வாசலுக்கு வரும் துண்டுப்பிரசுரங்களில் பெரும்பாலும் ஒரு சின்னமும் அதற்கு நேரே ஒரு பெரிய புள்ளடியும்தான் இருக்கும். 2, 3 பற்றி ஒரு சொல் இராது. முன்னணியில் நிற்கும் வேட்பாளர் ஏன் 2 பற்றிப் பேசவேண்டும்? தான் 50 வீதத்தைத் தாண்டமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று நினைக்கிறார். சிறிய வேட்பாளரும் பேசுவதில்லை. 2ஐ யாருக்குப் போடுவது என்று சொன்னால் விலைபோய்விட்டார் என்ற பழி வரும். ஆக, சொல்லக்கூடியவர்கள் எல்லோருக்கும் சொல்லாமல் இருப்பதில் இலாபம் இருக்கிறது. நட்டம் வாக்காளருக்கு. ஆனபடியால் இந்த வேலையைக் கட்சிகளிடம் விடமுடியாது. தேர்தல் ஆணைக்குழுவும் பத்திரிகைகளும்தான் செய்யவேண்டும், அதுவும் கடைசி மூன்று நாளில் அல்ல. கடைசி நாட்களில் எவர் காதிலும் எதுவும் ஏறாது.

வாக்குறுதிகளும் அலுப்புக்குக் காரணம்தான். அதை மறைக்கவேண்டியதில்லை. நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்கு முன் ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க திகதி குறித்தே சொன்னார். அதன்பின் 2005, 2015, 2024 என்று ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனங்களில் அதே வாக்குறுதி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. முதல் தடவை கேட்டு வாக்களித்தவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். வடக்கு மாகாண சபைத் தேர்தல் 2013க்குப் பிறகு நடத்தப்படாமல் இருந்து வந்ததும், 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டதும் சேர்ந்ததுதான் இந்த அலுப்பு. கேட்ட தேர்தலை வைக்காமல் விட்டுவிட்டு, வைத்த தேர்தலுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறோம்.

அலுப்பில் ஒதுங்குவதன் விலை எங்கள் பக்கத்தவருக்கு நன்றாகத் தெரியும். 2005இல் விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரில் 8,524 பேரே வாக்களித்தார்கள், 1.21 வீதம். நாடு முழுவதும் வெற்றி வித்தியாசம் 180,786. அன்று மக்கள் தாமாக ஒதுங்கினார்கள் என்று சொல்லமுடியாது. இன்று ஒதுங்குபவரை யாரும் தடுக்கவில்லை.

வீதங்களை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை. குறைந்த வாக்களிப்பு முழுவதையும் அலுப்பின் தலையில் கட்டக்கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்து வாக்களிக்க எங்கள் சட்டத்தில் வசதி இல்லை. ஆனால் அவர்களில் பலரின் பெயர்கள் ஊரிலுள்ள வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து இருக்கின்றன. வடக்கில் இது வீதத்தை நன்றாகவே இழுத்துக் குறைக்கும். கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ நிற்கும் இளைஞருக்கு வாக்கு ஊரில் இருக்கும். வாக்களிக்க ஊழியருக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாத, சம்பளத்துடனான விடுமுறை கொடுக்கவேண்டும் என்பது சட்டம். தூரத்தைப் பொறுத்து அது கூடும், 150 கிலோமீற்றருக்கு மேலென்றால் இரண்டு நாள் என்பதே பின்பற்றச் சொல்லப்பட்ட அளவு. இதை எழுத்தில் கேட்கவேண்டும். தனியார் முதலாளிமார் பலர் கேட்காமல் கொடுப்பதில்லை. கேட்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

வாக்காளர் அட்டை வரவில்லை என்று வீட்டில் இருந்துவிடுவதும் நடக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். கட்டாயமாக வேண்டியது ஆளடையாளம்: தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை போன்றவற்றில் ஒன்று. எதுவும் இல்லாதவர் கிராம அலுவலர் ஊடாகத் தேர்தல் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டையைப் பெறலாம். அதற்குப் படமும் விண்ணப்பமும் வேண்டும், கடைசித் திகதியும் உண்டு. வாக்களிப்புக்கு முதல் நாள் கேட்டால் ஒருவராலும் உதவமுடியாது. பிரசாரம் தொடங்கும் வாரத்தில் மூன்றைப் பார்த்துவிட்டால் போதும்: இடாப்பில் பெயர் இருக்கிறதா, எந்த வாக்களிப்பு நிலையம், கையில் என்ன அடையாளம்.

பணத்தைப் பற்றியும் கேள்வி கேட்கலாம். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி 2024இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 17,140,354 வாக்காளருக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல். முடிவு வந்து 21 நாளுக்குள் செலவறிக்கை கொடுக்கவேண்டும். அந்த அறிக்கைகளைத் தங்கள் போன்ற பத்திரிகைகள் பக்கம் ஒதுக்கி வெளியிட்டால், தேர்தல் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் கொஞ்சமாவது மாறும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த ஜனாதிபதித் தேர்தலின் வேட்புமனு நாளுக்கு மறுநாளே, தேர்தல் ஆணைக்குழுவிடம் கேட்டுச் சரிபார்த்து, ஒரு முழுப் பக்கத்தில் மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றை வெளியிடுங்கள். உண்மைச் சீட்டின் நிறமோ அளவோ வேண்டாம். உண்மையான பெயரோ சின்னமோ வேண்டவே வேண்டாம். மாம்பழம், பலாப்பழம், தோடம்பழம் என்று பத்துப் பெயர் போதும். சரியாகப் போட்ட சீட்டு மூன்று, பழுதான சீட்டு ஐந்து. பக்கத்தில் இரண்டாம் எண்ணிக்கையில் ஒவ்வொரு சீட்டுக்கும் என்ன நடக்கும் என்று ஒரு வரி. வெட்டி எடுத்துச் சனசமூக நிலையத்திலும், நூலகத்திலும், சங்கக் கடையிலும் ஒட்டக்கூடிய விதமாக ஒரு பக்கத்தில் மட்டும் அச்சாகட்டும். பின்பக்கத்தில் விளம்பரம் இருந்தால் ஒட்டமுடியாது.

இங்ஙனம்,
தேர்தல் கடமை அனுபவமுள்ள ஓய்வுநிலை அலுவலர்கள்,
யாழ்ப்பாணம்.